கிளீனர் பக்கக் கண்ணாடி

சயந்தினி அக்காவிடம் ஒரு காருக்குச் சாமான் வாங்குவதைவிட அந்தக் காரையே விற்றுத் தொலைத்துவிடலாம் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். லண்டன் நகரத்து நோர்பரியில், லண்டன் ரோட்டில், மீன்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவே உள்ள மோட்டார் பாட்ஸ் கடையில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். கவுண்டரில் அவர், பின்னால் பெட்டிகளுக்கு நடுவே நான். பிரேக் பேட் வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்பார். நம்பர் பிளேட்டைக் கம்ப்யூட்டரில் தட்டினால் அது ஏதோ ஒன்றைச் சொல்லும். எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடலாம். அக்கா அனுப்பமாட்டார். கார் எங்கே வாங்கியது, விற்றவர் எங்கே வாங்கினார், முந்தைய பேட் எத்தனை நாள் உழைத்தது, சத்தம் காலையில் வருமா மாலையில் வருமா என்று குடைந்தெடுப்பார். வரிசை மீன்கடை வாசல் வரை நீளும். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

ஆனால் பழைய கார் விஷயத்தில் அவர் செய்வதுதான் சரி என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரே வருடத்தில் வந்த ஒரே காருக்கு வருடத் தொடக்கத்தில் ஓர் அளவு, நடுவில் வேறு அளவு என்று மாற்றியிருப்பார்கள். உள்ளூர்க் காரிலேயே இந்தக் கூத்து. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவை இன்னும் மோசம். அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். இங்கே பதிந்த நம்பரைத் தட்டினால், கம்ப்யூட்டர் இங்கே விற்ற காரின் சாமானைக் காட்டிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

"எங்கட ஆக்கள் மாதிரித்தான் மாதவன். பாஸ்போட்டில ஒரு பிறந்தநாள், அம்மாக்குத் தெரிஞ்ச பிறந்தநாள் வேற" என்பார் அக்கா. அம்மாவுக்குத் தெரிந்த அந்தத் தேதியைத் தோண்டி எடுக்கத்தான் அத்தனை கேள்வியும்.

அவர் யாழ்ப்பாணம் சுன்னாகத்து லாரிக்காரர் ஒருவரின் மகள். இளம்வயதில் அகதியாக லண்டன் வந்து, பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட், விமான நிலையத்தில் சாண்ட்விச் கடை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இந்தக் கவுண்டருக்கு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் ஒரு சாமானின் பெயரும் தெரியாதாம். தெரியாததால் வந்தவர்களையே கேட்டாராம். அவர்கள் சொன்ன பதில்கள் சுவையாக இருந்ததால் கேட்பதை நிறுத்த மனம் வரவில்லையாம். பஸ் ஓட்டுகிற அவருடைய கணவர் அவ்வப்போது கடைக்கு வந்து, ரூட் நம்பரைச் சொன்னால்கூட அது ஏன் அந்த நம்பர் என்று வீட்டில் விசாரணை நடப்பதாக என்னிடம் முறையிட்டுப் போவார். நான் தேநீர் கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்புவேன்.

போன ஜனவரியில் பாலேந்திரா என்பவர் வந்தார். அறுபதைத் தொட்டவர், தலையில் கம்பளித் தொப்பி, கையில் மளிகைக்கடைப் பை. பைக்குள், ஈழத்தார் வான் என்கிற வேன் ஒன்றின் வெளிப்பக்கக் கண்ணாடி கூடு உடைந்து வயர் தொங்கிக் கிடந்தது. அவரும் மனைவி அஜித்தாவும் வீட்டில் இடியப்பம் அவித்து, நோர்பரி முதல் லூயிஷாம் வரை உள்ள தமிழ்க் கடைகளுக்குக் காலையில் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள். ஓர் ஒடுக்கமான தெருவில் எதிரே வந்த லாரி கண்ணாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து அஜித்தா அந்தக் குளிரில் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்ல, இவர் வானை எடுக்கிறாராம். கண்ணாடி கிடைக்காவிட்டால் வானை உடைக்கக் கொடுத்துவிட்டு, ஹவுன்ஸ்லோவில் மருமகன் பார்த்து வைத்திருக்கும் கிடங்கு வேலைக்குப் போவதாக முடிவு செய்திருந்தார். அதோடு இடியப்பமும் நின்றுவிடும்.

"கிளீனர் பக்கக் கண்ணாடி வேணும் தங்கச்சி" என்றார்.

லாரியில் டிரைவருக்கு மறுபக்கம் உட்கார்ந்து, பின்னால் பார்த்து 'வரலாம், வாங்க' என்று குரல் கொடுக்கிற உதவியாள்தான் கிளீனர். எங்கள் திருநெல்வேலியிலும் வண்டியின் இடதுபக்கத்தைக் கிளீனர் சைடு என்றுதான் சொல்வோம். அக்கா உடைந்த கூட்டைத் திருப்பிப் பார்த்தார். அது வலதுபக்கக் கண்ணாடி. லாரிக்காரர் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணை, இது றைவர் பக்கம்."

"எங்கட வானில அது கிளீனர் பக்கம்தான் தங்கச்சி."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் பெட்டிக்குப் பின்னால் நின்று சிரித்தேன். இடம் வலம் குழம்பி வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. பிறகு அவர் வழக்கமான கேள்விகளுக்குப் போனார். கண்ணாடிக்குச் சூடேற்றுகிற வயர் உண்டா, கை நீளமா கட்டையா, வான் பெட்ரோலா டீசலா. பெட்ரோல், அதனால்தான் பழைய டீசல் வண்டிகளிடம் லண்டனில் வாங்குகிற புகைக் கட்டணத்துக்குத் தப்பி ஓடுகிறது என்று பாலேந்திரா பெருமையோடு சொன்னார். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னதில் அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. நம்பரைத் தட்டினார், சாமான் தட்டிலேயே இருந்தது, கொடுத்து அனுப்பினார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற மனுஷி, அது ஏன் கிளீனர் பக்கம் என்று மட்டும் கேட்கவில்லை.

பாலேந்திரா உடைந்த கண்ணாடியைக் கவுண்டரிலேயே விட்டுப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்து அதைக் குப்பையில் போடப் போன அக்கா, போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தட்டிலிருந்து அதே மாதிரிப் புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். கூடு ஒன்றுதான், ஆனால் உள்ளே கண்ணாடி உட்கார்ந்திருக்கிற சாய்வு வேறு.

"மாதவன், அந்த அண்ணை எந்தப் பக்கம் இருந்து வான் ஓட்டுறார்?"

வலதுபக்கம்தான், வேறே எங்கே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் உறைத்துவிட்டது. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் பல வருடம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு லண்டனுக்கு மாறிய ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். வரும்போது கட்டில், அலுமாரியோடு வண்டியையும் கொண்டுவந்தவர்கள் உண்டு. அந்த வண்டிகளில் ஸ்டியரிங் இடதுபக்கம். நம்பரை இங்கே மாற்றிப் பதிந்துவிட்டால் எங்கள் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. பாலேந்திராவின் வானில் வலதுபக்கம் நிஜமாகவே கிளீனர் பக்கம். அவர் சரியாகத்தான் சொன்னார். அக்காதான் அவரைத் திருத்தினார்.

அக்கா கொடுத்த கண்ணாடி வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் கண்ணுக்குச் செய்தது. இடதுபக்கம் இருப்பவர் அதை எவ்வளவு திருப்பினாலும் எதிர்வீடுகள்தான் தெரியும், பின்னால் முந்திவருகிற வண்டி தெரியாது. அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அன்று மாலை வரை பாலேந்திராவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார். அவர் எடுக்கவில்லை. வான் ஓட்டிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் ஏதாவது ஆகியிருக்கும்.

மறுநாள் காலை எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளியிருக்கும் தமிழ்க் கடையின் வாசலில் போய் நின்றோம். அங்கே அவர் இடியப்பம் போடுவது எங்களுக்குத் தெரியும். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் வான் வந்து நின்றபோது அக்கா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. வலதுபக்க இருக்கையில் சால்வை போர்த்தி ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தெரியாதவர்கள் அவர்தான் ஓட்டுகிறார் என்று நினைப்பார்கள். அக்கா வானைச் சுற்றிச் சாலைப் பக்கம் போய் அவர் பக்கத்துச் சன்னலில் நின்று, பிழையான கண்ணாடி கொடுத்துவிட்டதாகவும் மாற்றியே ஆக வேண்டும் என்றும் சொன்னார்.

"பிழையோ? எனக்கு நல்ல வடிவாத் தெரியுது பிள்ளை. பழசில எனக்கு ஒண்டுமே தெரியிறேல்லை" என்றார் அஜித்தா.

அக்கா குனிந்து மறுபக்கம் பார்த்து, உங்களுக்கு என்ன தெரிகிறது என்று பாலேந்திராவைக் கேட்டார். எதிர்வீட்டு யன்னல் தெரிகிறது, அந்த வீட்டில் ஒரு பூனை இருக்கிறது என்றார் அவர். பின்னால் வருவதை அஜித்தா பார்த்துச் சொல்கிறார், அதைக் கேட்டு இவர் எடுக்கிறார். அஜித்தாவுக்கு லைசென்ஸ் கிடையாது. ஜெர்மனியிலிருந்து இத்தனை வருடம் அந்த வானில் இடியப்பப் பெட்டிகளோடு ஒரு பெட்டியாக வந்து இறங்கியவர், இந்த இரண்டு மூன்று வாரமாகத்தான் தானும் வான் ஓட்டுவதாக மகளுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதைப் பாலேந்திராவே சிரித்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

"இவ ஒருநாள் தும்மினா நான் என்ன செய்யிறது? சரியான கண்ணாடி கிடைக்காட்டி வானைக் குடுத்திட வேண்டியதுதான்."

அஜித்தா நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு வானை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் பொறுக்கிறோம், அதற்கு மேல் வேறு ஆளிடம் வாங்குவோம் என்று இடியப்பம் வாங்குகிற கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அக்கா வேட்டையில் இறங்கினார். அந்த வானுக்கு இடதுபக்க ஸ்டியரிங் கண்ணாடி செய்வதையே நிறுத்தியிருந்தார்கள். பழைய சாமானில் தேடினால், ஒரே வானுக்கு நாலு விதம். எது என்று தெரிய வேண்டுமானால் வானையே கேட்க வேண்டும். அஜித்தாவுக்குப் போன் போட்டுக் கதவுக்குள் ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்கச் சொன்னார், கண்ணாடி வயரின் பிளக்கில் எத்தனை ஊசி என்று எண்ணச் சொன்னார். அஜித்தா மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார். பிறகு அவரே திருப்பிக் கேட்கத் தொடங்கினார். அந்தத் துளை என்னத்துக்கு, கண்ணாடி ஏன் ஓரத்தில் வளைந்திருக்கிறது, சூடேற்றுகிற வயர் சுட்டுவிடாதா. இரண்டு பேரும் போனில் பேசுவதைக் கேட்டபோது, ஒருவரே எனக்குப் போதாது என்று கடவுள் இன்னொருவரையும் அனுப்பிவிட்டார் என்று தோன்றியது.

கடைசியில் ஜெர்மனியில் பழைய வண்டி உடைக்கிற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அகப்பட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார்.

"கிளீனர் பக்கம். உங்கட கிளீனர் பக்கம் அண்ணை, எங்கட இல்லை" என்றார் அக்கா. அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

வாரம் முடிவதற்குள் பார்சல் வந்து சேர்ந்தது. கடை வாசலிலேயே வைத்து மாட்டினோம். நான்தான் திருகினேன், விரல் விறைத்துப் போனது. பாலேந்திரா இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து, ஒரு பட்டனை அழுத்தி அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப் வரை தெரிகிறது என்றார். கிடங்கு வேலைக்கு வரமாட்டேன் என்று அங்கேயே மருமகனுக்குப் போனில் சொல்லிவிட்டு, தன் வானுக்கு ஒரு தட்டும் தட்டினார். அஜித்தா புதுக் கண்ணாடியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நானாக இருந்தால் வேலை முடிந்தது என்று உள்ளே போயிருப்பேன். அக்கா போகவில்லை. அஜித்தாவின் சன்னல் பக்கம் போய், ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அஜித்தா புதுக் கண்ணாடியைக் காட்டினார். அவர் இருந்த இடத்திலிருந்து அதில் வானின் கதவு மட்டும்தான் தெரிந்தது.

"நல்ல கண்ணாடி பிள்ளை. அவருக்கு எல்லாம் தெரியுது. இனி நான் திரும்பவும் சாமான்தானே."

நாட்கணக்காகத் தேடிச் சரியான சாமானைக் கண்டுபிடித்து, ஒரு மனுஷியின் வேலையைப் பிடுங்கியிருக்கிறோம். அக்கா கடைக்குள் போனார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் தங்களுக்கென்று முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற உள்ளங்கை அளவுக் கண்ணாடி ஒன்று எங்களிடம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு வந்தார். எந்த நாட்டு வண்டிக்கும், எந்த வருடத்து வண்டிக்கும் பொருந்தும். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்த சாமான் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வானில் ஏறி, அஜித்தாவின் கண்ணுக்கு நேரே முன்கண்ணாடியில் ஒட்டி, அழுத்திப் பிடித்துவிட்டு இறங்கினார்.

வான் ஸ்டார்ட் ஆனது. நான் நடைபாதையில் பாலேந்திராவின் சன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் தன் புதுக் கண்ணாடியை நன்றாகப் பார்ப்பதைக் கண்டேன். நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பஸ் ஸ்டாப் வரை ஒரு வண்டி இல்லை, தாராளமாக எடுக்கலாம். அவர் எடுக்கவில்லை. பிரேக்கில் காலை வைத்தபடி மனைவி பக்கம் திரும்பினார்.

"அஜித்தா, வரட்டோ? பாத்துச் சொல்லும்."

அஜித்தா சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். சின்னக் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தூக்கினார், கொஞ்சம் இறக்கினார், ஆளில்லாத சாலையை நீண்ட நேரம் பார்த்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"ஓம், இப்ப வாங்கோ" என்றார். வான் புறப்பட்டது.