வெறுங்காலோடு ஏறியவர்

இத்தாலியின் பலெர்மோவில் நம் ஈழத்தவர்கள், சைவரும் வேதக்காரக் கிறிஸ்தவரும், நேர்த்தி வைத்து மலைமேலுள்ள தேவாலயத்துக்கு நடந்தே ஏறுவார்கள். அடுத்த கிழமை என் கைக்குழந்தைக்கு இதய சத்திரசிகிச்சை. பயத்தில் அவளையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். பக்கத்தில் நரைத்த பின்னலோடு ஓர் அம்மா, செருப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி வெறுங்காலோடு வந்தார்.

“நானும் சப்பாத்தைக் கழட்டினா மகள் தப்புவாளோ, அன்ரி?”

“உதென்ன, ஆண்டவரோடை பேரம் பேசுறியோ? கழட்டாதை பிள்ளை, கல்லுக் குத்தும்.”

“அப்ப நீங்கள்?”

“என்ரை மகன் செத்தாப் பிறகுதான் நடக்கத் தொடங்கினனான். கேக்க ஒண்டுமில்லை. யேசுவும் நொந்தவர்தானே, கால் நோகேக்கை கிட்ட வாறார்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நெருக்கம் பிள்ளையைப் பறிகொடுத்தால்தான் கிடைக்குமோ என்று எனக்குத் தோன்றியது. மகளை இறுக்கிக்கொண்டு விலகி நடந்தேன். அவர் அதைக் கவனித்தார். அங்கேயே நின்று, என்னை முன்னே போகவிட்டார்.