முதல் நம்பர்

அம்மா தனியாக இருந்த வீட்டுக்குத் திருட்டு அலாரம் வைத்தவர்கள் என் இரண்டு அண்ணன்மார். பெரியவன் மஸ்கட்டில் வேலை, சின்னவன் பெங்களூரில். பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கதவை நெம்பி நகையை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டதும் இருவருக்கும் அம்மா மேல் பாசம் பொங்கிவிட்டது. நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன், கல்யாணமான நாளிலிருந்தே. காலையில் பலகாரம், மத்தியானம் சோறு, மாதம் தவறாமல் சர்க்கரை மாத்திரை எல்லாம் என் கை வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் போகும். அதையெல்லாம் பாசம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முன்வாசல், புறவாசல் இரண்டு கதவிலும் சென்சார், வெளிச்சுவரில் ஒரு சைரன். அந்தச் சைரன் கள்ளனுக்காக ஒரு தடவைகூட அலறவில்லை. ஆடிக் காற்று கதவை ஆட்டினால் அலறும். நான் சாவி போட்டுப் புறவாசலைத் திறந்தால் அலறும். நான் வருகிற நேரம் பார்த்து அதை அணைத்துவைக்க அம்மாவுக்கு ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்தச் சத்தத்துக்குக் கள்ளனே வந்துட்டுப் போலாம் பிள்ளே," என்றார். கொஞ்ச நாளில் தெருவில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது.

அதனால் சைரனைக் கழற்றிவிட்டு, போன் பண்ணும் பெட்டி ஒன்றைச் சேர்க்கலாம் என்று பெரியண்ணன் முடிவு செய்தான். மார்த்தாண்டத்திலிருந்து மெக்கானிக் வந்தார். சிம் போட்ட சின்னப் பெட்டி. கதவு திறந்தாலும், அம்மா கழுத்தில் தொங்கப்போகும் ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும், நாம் கொடுத்த நம்பர்களை அது வரிசையாக அழைக்கும். பதிவு செய்துவைத்த குரலைப் போட்டுக் காட்டும். போனை எடுத்தவர் பேசினால் பெட்டியின் ஸ்பீக்கரில் வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினால் அவருக்கும் கேட்கும்.

"ஒருத்தரு எடுத்துட்டா அதோட நின்னுரும், அடுத்த ஆளுக்குப் போவாது. அதனால பக்கத்துல இருக்க ஆளு நம்பர மொதல்ல போடணும். யாரு நம்பர போட?" என்று மெக்கானிக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீடியோ காலில் இருந்த பெரியண்ணன் முந்திக்கொண்டான்.

"மொதல்ல என் நம்பர். நாந்தானே மூத்தவன்? அப்பொறம் தம்பி. மூணாவது என் மச்சினன்."

கல்யாணக் கடிதத்தில் பேர் போடுவது மாதிரி வரிசை சொன்னான். எங்கள் ஆட்களுக்கு எதற்கும் இந்த வரிசைதான். மச்சினன் இருப்பதோ தூத்துக்குடியில். கள்ளன் ஏறினால் அவர் பஸ் பிடித்து வந்து பிடிப்பார் போலிருக்கிறது.

"நான் அடுத்த தெருவுலதானே அண்ணே இருக்கேன்," என்றேன்.

"நீ கெட்டிக் குடுத்தவ. நாளைக்குப் போலீசு வந்து வீட்டுக்காரன் யாருன்னு கேட்டா, உன் மாப்பிளையா வந்து பதில் சொல்லுவாரு?"

அம்மாவைப் பார்த்தேன். "அவன் சொல்லுகபடி செய்யட்டும் மக்ளே," என்றாள். மெக்கானிக் நம்பர்களை அடித்தார். பெட்டியில் நாலாவது நம்பருக்கும் இடம் இருந்தது. அதைக் காலியாகவே விட்டார்கள்.

பதிவுக் குரலும் பெரியண்ணனுடையதுதான்: "நம்ம வீட்டுல கள்ளன் ஏறிட்டான்." அம்மா வழுக்கி விழுந்து பொத்தானை அமுக்கினாலும் பெட்டி இதைத்தான் சொல்லும். அதைச் சொன்னதற்கு, "எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடி," என்று என்னை அடக்கினான்.

அதன் பிறகு நான் புறவாசலைத் திறக்கிற ஒவ்வொரு காலையிலும் மஸ்கட்டில் அவன் போன் அடித்தது. எடுத்துவிடுவான். முன்னறையில் இருந்த பெட்டி, "யாரது?" என்று அதட்டும். நான்தான் என்று நான் சொல்ல வேண்டும். "ஏட்டி, ஆபீஸ்ல இருக்கேன். சொல்லிட்டுத் தொறந்தா என்ன கொறஞ்சா போவ?" என்பான். பிறந்த வீட்டில், கையில் இட்லிப் பாத்திரத்தோடு நின்று, நான் யாரென்று ஒரு பெட்டிக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அழுகையாக வரும். அவனுக்கு அது ஒரு சுகமாக இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு என்னை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்ததே!

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள், காலையில் தோசை கொடுத்துவிட்டு வந்தேன். மத்தியானம் சோறு கொண்டுபோனபோது அம்மா குளியலறை வாசலில் கிடந்தாள். ஒரு கால் ஆகாத பக்கம் திரும்பியிருந்தது. உடுத்திருந்த ஈரச் சேலை பாதி காய்ந்திருந்தது. ரிமோட்டைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அமுக்கினேம்ட்டி," என்றாள். "அவன் எடுத்தான். நீதான் கதவத் தொறந்தேன்னு நெனச்சுக்கிட்டு, ஒனக்கு வேற சோலியே இல்லியா, அடச்சிட்டுப் போன்னு ஏசினான். நான் விழுந்து கெடக்கேம் மக்கான்னு கத்துனேன். அவனுக்குக் கேக்கல."

எப்படிக் கேட்கும்? அவன் போட்ட சத்தம் வீடு முழுக்கக் கேட்டிருக்கும். பின்கட்டில் கிடந்தவளின் குரல் முன்னறைப் பெட்டிக்கு எட்டவில்லை. மறுபடியும் அமுக்கியிருக்கிறாள். மறுபடியும் எடுத்து ஏசியிருக்கிறான். அதன் பிறகு எடுத்த உடனேயே வைத்துவிட்டான். அவன் எடுத்துவிட்டதால் பெட்டி வேறு யாரையும் அழைக்கவில்லை.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இந்த வயதில், இந்தச் சர்க்கரையில் இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அண்ணனை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"நான் நீன்னுல்லா நெனச்சேன்," என்றான்.

"நானா இருந்தா விழுந்து கெடக்கலாமா?"

"குதர்க்கம் பேசாத," என்று வைத்துவிட்டான்.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டோம். மறுவாரம் அவன் லீவு எடுத்து வந்தான். வந்த அன்றே சொந்தக்காரர்கள் ஹார்லிக்சும் ஆப்பிளுமாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"உதவாத பெட்டி. போனே வரல்ல," என்று அவர்களிடம் சொன்னான். "வந்திருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா? ஊரையே கூட்டியிருக்க மாட்டேனா?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். சித்தி ஒருத்தி, "பாவம், பிள்ளைக்கு எவ்வளவு வெசனம்," என்று கண்ணைத் துடைத்தாள்.

"பெட்டி ஒழுங்காத்தான் வேல செய்தது," என்றேன். "இவன் எடுத்தான், பேசவும் செய்தான். அம்மா, நீயே சொல்லு. விழுந்து கெடந்த எடத்துல எங்கிட்ட சொன்னில்லா?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் எடுக்கவேயில்ல. எனக்குத்தான் பொத்தான சரியா அமுக்கத் தெரியல," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஏட்டி, நீ ஒன் வீட்டுக்குப் போ. அவன் லீவுல வந்த பிள்ள."

கட்டிலுக்கு அடியில் பெட்பேன் நிறைந்திருந்தது. அதை எடுத்துக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுத்தான் போனேன்.