கொழும்பில் வாங்காத பை

என் மகள் தன் கையால் செய்த தோல்பையை, அவள் முன்னிலையிலேயே, கொழும்பில் வாங்கியது என்று சொன்னேன். இணுவிலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயிடம் சொன்ன பொய் அது.

மகள் வங்கியில் வேலை செய்கிறாள். கைபேசியில் பார்த்துப் பார்த்துத் தானாகவே தோல்வேலை பழகியவள். எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு வேப்பம் பலகையைப் போட்டு, அதன்மேல் தோலை விரித்து, நுனி குழலாக உள்ள உளியை நிமிர்த்திப் பிடித்து மரச்சுத்தியலால் ஒரே போடு போடுவாள். வட்டமாக ஒரு பொட்டு கழன்று விழும். தையல் துளைகள் கோடு பிசகாமல் ஓடும். நான் கணிதம் படிப்பித்தவன். அந்தக் கோட்டில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

ஆனால் விருந்தாளிகள் வருமுன் தோலையெல்லாம் பின்கொட்டிலில் வைக்கச் சொன்னேன். விரத வீடு என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் சாதி. தோல் தொடுகிற வீடு என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்ற பயம். சாதி பார்ப்பதில்லை என்று மேடைகளில் பேசியவன் நான்.

கதிரையில் மறந்து கிடந்த பையை அந்தத் தாய் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலையாக் கிடக்கு. ஆர் செய்தது?"

மகள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "உது கொழும்பிலை வாங்கினது."

"எந்தக் கடையிலை?"

"முதலிலை தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றேன். மகள் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு, "வெக்கமெண்டா முதலே சொல்லியிருக்கலாம் அப்பா. நானே பையை ஒளிச்சிருப்பன்" என்றாள். கருவிகளைப் பிஸ்கற் பேணியில் போட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். ஆனால் பேணி இறங்கவில்லை. வாரக்கணக்கில் எங்கள் மேசை சாப்பாட்டுக்கு மட்டும் உதவியது.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் பேணியை நானே இறக்கினேன். மீந்த தோல் கீலம் ஒன்றில் எனக்கொரு பெல்ட் செய்து, அதைக் கட்டிக்கொண்டு இணுவிலுக்குப் போய் உண்மையைச் சொல்வதென்று முடிவுசெய்தேன். முதல் துளையைச் சீமெந்து நிலத்தில் வைத்து அடித்தேன். உளியின் வாய் மழுங்கியது. அடுத்ததற்கு இரண்டு அடி போட்டதில் ஒரு துளை இரண்டாகப் பிறந்தது. மிச்சத்தைக் கவராயத்தால் அளந்து அடித்தேன், இடைவெளி அழகாக வந்தது. ஆனால் வீட்டில் சாரத்தோடு நின்று இடுப்பை அளந்திருந்தேன். வேட்டி கட்டியபோது கொசுவத்தின் தடிப்பில் பெல்ட் கடைசித் துளைக்குத்தான் எட்டியது. மூச்சை இழுத்துப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"அந்தப் பை என்ரை மகள் செய்தது. நான்தான் பொய் சொன்னனான்" என்றேன் அந்தத் தாயிடம்.

"அது அண்டைக்கே விளங்கினது. கடையைக் கேக்க உங்கடை முகம் போன போக்கு!" என்று சிரித்தார். நான் சட்டையைத் தூக்கிப் பெல்ட்டைக் காட்டினேன்.

"உதுவும் மகளோ?"

"இல்லை, நான்."

"அதுதானே பாத்தன்."

தனக்கும் ஒரு பை வேண்டுமென்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன்.

"பையைச் செய்து குடுக்கிறன். கலியாணம் வேண்டாம். பொய்யிலை துவங்கினது" என்றாள். பிறகு உளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "சீமெந்திலையோ அடிச்சனீங்கள்? படிச்ச மனுசன்!"

அன்று முழுக்க அரத்தாளில் உளியைத் தீட்டித் தீட்டி என்னைத் திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு இனித்தது.

கலியாணம் இன்னும் சரிவரவில்லை. அதில் என் பங்கு எனக்குத் தெரியும். ஆனால் மேசையில் பலகை திரும்ப வந்துவிட்டது. பைகளில் துளை போட என்னை அவள் விடுவதில்லை. பூட்டுத் திறப்புக் கோர்க்கும் சின்னப் பட்டிகளை மட்டும் தருகிறாள். ஒன்றுக்கு ஒரு துளை. ஒரே போடு. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காவிட்டாலும், பைகள் என் மகள் செய்தவை என்று நானே எடுத்துக் காட்டுகிறேன்.