களத்து ஓரத்தில் கழற்றிய செருப்பு

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, இறந்துபோன நாத்தனாரின் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. அப்படிப்பட்ட என்னை, மகளிடம் வந்து எட்டு மாதமான இந்த ஜெர்மனி ஊரில், போன சனிக்கிழமை ஒருத்தி செருப்புக்கு வழியில்லாதவள் என்று நினைத்துவிட்டாள். இங்கே தெருவுக்குத் தெரு விளையாட்டுச் சங்கம், ‘ஃபெரைன்’ என்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள வயதானவர்களுக்குத் தனி வகுப்பு. முதல் நாள், மைதான ஓரத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பயிற்சி கொடுக்கும் அம்மாள் பதறி ஓடி, அலமாரியிலிருந்து வேறொரு ஜோடியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“எங்கூட்டுல நாலு ஜோடி கெடக்குதுன்னு சொல்லு அவகிட்ட” என்றேன் பேத்தி கவிதாவிடம்.

அவள் பேசிவிட்டுத் திரும்பினாள். “அதுக்கில்ல ஆயா. சர்க்கரை இருந்தா கால்ல குத்துனாலும் தெரியாதாம். வெறுங்காலோட விடமாட்டாங்களாம்.”

இதே பேச்சை நான் முன்பே கேட்டவள்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நர்சம்மா எல்லோருக்கும் சர்க்கரை பார்த்துவிட்டுப் போன பிறகு, ராகி அடிக்கும் களத்தில் பெண்களைக் கூட்டி ரிங் ஆட வைத்தவள் நான்தான். ஒரு ரப்பர் வளையம், நடுவில் ஒரு கயிறு, அவ்வளவுதான். சட்டமும் என்னுடையதே: களத்தில் செருப்புக் கால் படக் கூடாது. ஒருநாள் என் ஓரகத்தி முனியம்மா செருப்போடு ஏறினாள்.

“என்னாடி, சோறு போடற களத்துல மகாராணியாட்டம் வர்ற?”

“காலு மரத்துப் போவுதுங்கக்கா. நர்சம்மா போட்டுக்கச் சொன்னாங்க.”

“நர்சம்மா வூட்டுல களம் இருக்குதா? கழட்டு!”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் கழற்றினாள்.

நேற்று அவளிடமிருந்து போன். முள் ஏறியது தெரியாமலே சீழ் பிடித்து, தருமபுரி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். நாளைக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் பெருவிரல் தங்குமா என்று சொல்வார்களாம்.

“களத்துலயா குத்துச்சு?”

“ஆமாங்க. ஆனா காட்டுல குத்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க போட்ட சட்டமில்லீங்களா.”

என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். அதனால் மற்றவர்கள் இன்றைக்கும் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல இதைக் கவிதா எழுதுகிறாள். நம் களத்தில் ஆடும் பெண்களே, முனியம்மா சொன்னது பொய். முள் களத்தில்தான் குத்தியது. கழற்றச் சொன்னவள் நான். பின்னால் வார் வைத்த செருப்பாகப் போட்டுக்கொண்டு ஆடுங்கள். களத்துக்குக் குறை என்றால், நான் வந்து சாணி போட்டு மெழுகித் தருகிறேன்.

இன்று காலையும் மைதானத்துக்குப் போனேன். புல் ஓரத்தில் குனிந்தேன்; கை தானாக ஒரு ஷூவைக் கழற்றிவிட்டது. மற்றதைக் கழற்றவில்லை. ஒரு கால் ஈரப் புல்லில், ஒரு கால் ஷூவுக்குள், அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

கவிதா, திருப்பிப் படி கண்ணு. கழற்றச் சொன்னவள் நான் என்ற இடத்தைச் சத்தமாகப் படி.