தள்ளிப்போடும் மாத்திரை

அன்னக்கிளிக்கு நாகர்கோவிலில் வேலை. அமெரிக்க டாக்டர்மார் அனுப்புகிற நோயாளிக் குறிப்பை வாசித்து, ஒவ்வொரு நோய்க்கும் உள்ள எண்ணைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் காசு விடுவான். கருத்தடை ஹார்மோன் மாத்திரையை நெடுநாளாகத் தின்கிறவளுக்கு இசட் எழுபத்தொன்பது புள்ளி மூன்று. கூடவே காலில் ரத்தம் உறைந்து கட்டியது, அது நெஞ்சுக்கு ஏறியது என்று சில குறிப்பில் வரும். டாக்டர் எழுதாத ஒன்றை, எண் போடும் கோடிங்காரி தானாக எழுதக் கூடாது. வாய் குறைந்த அன்னக்கிளிக்கு அந்தச் சட்டம் தோதாகவே இருந்தது.

அக்கா பூங்கனியை மண்டைக்காட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. பிள்ளை வரம் கேட்டு மண்டைக்காட்டு அம்மனுக்கு இருமுடி கட்ட விரதம் இருந்தாள். விரதத்தில் தீட்டு வரக்கூடாதென்று மாமியார் செல்லத்தாயே மெடிக்கலில் அதைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். கோயில் கொடை, நாத்தனார் கல்யாணம், புதுவீட்டுப் பால்காய்ச்சு, மறுபடி விரதம் என்று மாத்திரை நிற்கவேயில்லை.

அக்கா வீட்டுக்குப் போனபோது மாத்திரை அட்டையைப் பார்த்த அன்னக்கிளி பதறிவிட்டாள்.

"யக்கா, இது பிள்ள உண்டாகாம இருக்கதுக்குள்ள மாத்திரையாக்கும்."

பூங்கனி முகம் செத்துப்போனது. "வெளிய சொல்லிராத மக்கா. பிள்ள வேண்டாம்னு நானே தின்னேன்னு சொல்லிருவாவ."

மாத்திரையை அன்றே நிறுத்தினாள். ஆனால் அதற்குள் கெண்டைக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "மாத்திரை எதாவது சாப்பிடுதியளா?"

பக்கத்தில் செல்லத்தாய். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் பூங்கனி, தங்கச்சியின் கையை இறுக்கிக்கொண்டு.

அந்த வீக்கம் என்னவென்று அன்னக்கிளி எத்தனை குறிப்பில் வாசித்திருப்பாள்! மாமியார் அந்தாண்டை போனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றாள். கிழவி இம்மியும் நகரவில்லை. சுளுக்கு என்று எண்ணெய் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் மாமியார்காரி அந்தக் காலைப் போட்டு அழுத்தி உருவிவிட்டாள். மறுநாள் அடுப்படியில் மூச்சு முட்டி விழுந்த பூங்கனி பிறகு எழும்பவேயில்லை.

சாவுக்குக் கூட்டம் கூடிய துட்டி வீட்டில் செல்லத்தாய் நெஞ்சில் அடித்து அழுதாள். "அம்மன் கூப்பிட்டுட்டாளே, எம் பிள்ளைய!"

அன்னக்கிளிக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "அம்மன் ஒண்ணும் கூப்பிடல. நீங்க வாங்கிக் குடுத்த மாத்திரைதான் கொன்னுச்சு. அது கருத்தடை மாத்திரை."

அழுகை சட்டென்று நின்றது. செல்லத்தாய் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "கேட்டியளா? பிள்ள வேண்டாம்னு எம் மகனுக்குத் தெரியாம மாத்திர தின்னுருக்கா, பாவி!"

"நீங்கதான மாமி வாங்கி..."

"வாயப் பொத்துட்டி!" கன்னத்தில் அறைந்தது அன்னக்கிளியைப் பெற்றவள். "செத்தவளச் சந்தி சிரிக்க வச்சிட்டியே."

பூங்கனியின் புருஷன் சுடலையாண்டி சவத்தின் பக்கத்திலிருந்து எழும்பிப் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்றான். வருஷம் திரும்புமுன் அவனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். 'முந்தினவளுக்குப் பிள்ள பெற மனசில்ல' என்று பெண் வீட்டில் செல்லத்தாய் சொன்னாளாம்.