காக்கா அண்ணன் கேட்டு வாங்கிய தெரு

எங்கள் லைன்மேன் கூட்டத்தில் அவருக்குக் காக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். எப்போது பார்த்தாலும் மின்கம்பத்தின் உச்சியில்தான் இருப்பார். மற்றபடி, யாரையும் காக்கா பிடிக்கத் தெரியாத மனிதர். தெரிந்திருந்தால் இந்த வயதில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எங்களை ஏவிக்கொண்டிருப்பாரே!

கல்யாணம் ஆகவில்லை. குவார்ட்டர்ஸில் ஒற்றை அறை. சோறு வடித்த பாத்திரத்திலேயே சாப்பிட்டுவிடுவார். தட்டு எதற்கு, அதை வேறு கழுவணும் என்பார். எங்கே புயல் அடித்தாலும் நிவாரண வேலைக்கு முதலில் வண்டி ஏறுவது அவர்தான். எங்களுக்கு வீட்டில் ஆயிரம் சமாதானம் சொல்ல வேண்டும். அவர் கதவைப் பூட்டினால் போதும்.

உறவு என்று இருந்தது ஒரே ஒரு தங்கை. பெற்றவர்கள் போன பிறகு இவர்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். அவள் புருஷன் திடீரென்று இறந்தபோது நாங்கள் வேறொரு ஊரில் புயல் வேலையில் இருந்தோம். செய்தி வந்தது. ஊரே இருட்டில் கிடக்கிறது, ஆஸ்பத்திரி லைனை முடித்துவிட்டு ஓடிவிடுகிறேன் என்றார்.

"போய்த் தொலைண்ணே, நாங்க பாத்துக்கறோம்!" என்று கத்தினேன். கேட்டால்தானே!

அவர் தங்கை வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடு. என் வாசப்படிய மட்டும் மிதிக்காத" என்று தங்கை கதவைச் சாத்திவிட்டாள். அதன்பிறகு இவர் போன் செய்தால் எடுப்பதே இல்லை.

இந்த முறை புயல் அவள் இருக்கும் ஊரையே புரட்டிப் போட்டது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எங்களுக்குப் படுக்கை. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு தண்ணீர் மோட்டார், பெரிய தெருக்கள், கடைசியில்தான் சந்துபொந்து. தங்கையின் தெரு கடைசியிலும் கடைசி. அதையும் வேறொரு கூட்டத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்டறியாத மனிதர், இன்ஜினியர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தத் தெருவ எங்களுக்குக் குடுங்க சார். வேணும்னா ரெண்டு தெரு சேத்துப் பாக்கறோம்."

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னண்ணே திட்டம்?"

"வாசப்படியத்தானே மிதிக்கக் கூடாதுன்னா? கம்பத்துல ஏறக் கூடாதுன்னு சொல்லலியே" என்று சிரித்தார்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு இணைப்பைக் கொடுத்ததும் கம்பத்தில் இருந்தபடியே "வந்துச்சா?" என்று கத்துவோம். உள்ளேயிருந்து "வந்துருச்சு" என்று பதில் வந்தால்தான் அடுத்த வீடு.

"என் குரல் அவளுக்குத் தெரியும்டா. பதிலுக்கு ஒரே ஒரு தடவ 'அண்ணா'ன்னு சொல்லிட்டான்னா போதும்" என்றார்.

மறுநாள் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி இழுத்து, புதுக் கம்பி கட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. வீடு வீடாக விளக்கு வந்தது. ஒரு அம்மா தெருவில் இறங்கி நின்று எங்களை நல்லா இருங்கப்பா என்று வாழ்த்தினாள். கடைசிக் கம்பம், கடைசி வீடு. ஒயரை முடுக்கிவிட்டுக் காக்கா அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வந்துச்சாம்மா?"

ஜன்னலில் விளக்கு எரிவது கீழே நின்ற எனக்கே தெரிந்தது. மறுபடியும் கேட்டார்.

கதவு திறந்தது. தங்கை வெளியே வந்தாள். ரொம்பவும் இளைத்திருந்தாள். நிமிர்ந்து கம்பத்து உச்சியைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பதறியது.

"வந்துருச்சுங்க சார். ரொம்ப நன்றி" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். படாரென்று அறைந்து சாத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

"சரிம்மா" என்றார் அவர், சாத்திய கதவைப் பார்த்து.

தெருமுனையில் எங்கள் வண்டி வந்து ஹாரன் அடித்தது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். "இறங்குண்ணே, போலாம்."

"இருடா. இன்னொரு வாட்டி முடுக்கிப் பாத்துடறேன்."

முடுக்க அங்கே ஒன்றும் பாக்கி இல்லை. நான் ஏணியை விடாமல் நின்றேன்.