முறிகண்டியில் நிற்காத வாகனம்

வாகனம் வந்து நின்றால் கமலாசனி முகங்களைப் பார்ப்பதில்லை. எஞ்சின் சத்தத்தைத்தான் கவனிப்பாள். அது அடங்கினால் சனம் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் கடலையும் வாங்கும். உறுமிக்கொண்டே நின்றால் சாரதி மட்டும் ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வருவான். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் கண்டி வீதியால் வாகனங்கள் போவது குறைவு. அந்த நிறுத்தத்தை நம்பித்தான் அவள் கோயிலடியில் கச்சான் வறுக்கிறாள். மகன் நிரோஜன் அதே வீதியால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஓடுகிறான்.

போன வைகாசியில் சுகந்தினி என்றொரு பிள்ளை விசாரிக்க வந்தாள். ஹெலிகொப்டர் மாதிரி நின்ற இடத்திலேயே கிளம்பி, மேலே போனதும் காற்றாடிகளை முன்னுக்குச் சரித்து விமானமாகப் பறக்கும் ஒன்றாம். ஓடுபாதை தேவையில்லை, ஒரு வெளி போதும். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணித்தியாலம். அது கட்டுபடியாகுமா என்று அவளை அனுப்பிய கம்பனி பார்க்கிறதாம்.

"சனம் ஏறுமோ அண்ணா?" என்று நிரோஜனிடம் கேட்டாள்.

"வெளிநாட்டாக்கள் ஏறுவினம். ரண்டு கிழமை லீவிலை வந்து, அரை நாளை என்ரை வானுக்கை நித்திரை கொண்டு கழிக்கிறதே? ஆனால் அம்மாவை மட்டும் ஏத்திப்போடாதேங்கோ. பஸ்ஸிலையே சத்தி எடுக்கிறவா. கீழை நிக்கிறவன் பாவம்."

சுகந்தினி சிரித்தாள். கமலாசனி கச்சானைக் கிண்டியபடி, "அது இதிலை நிக்குமோ பிள்ளை?" என்றாள்.

"நடுவழியிலை நிக்காது அம்மா. அதுதானே அதின்ரை லாபம்."

"ஆஸ்பத்திரிக்குப் போற வருத்தக்காரரை ஏத்துவினமோ?"

"இடமிருந்தால் ஏத்துவினம். வந்தால் நல்லதெண்டு நினைக்கிறியளோ?"

கமலாசனியின் கை நின்றது. கணவன் பரமேஸ்வரனை நெஞ்சுவலியோடு கொழும்புக்குக் கொண்டுபோனபோது, பாதி வழிகூடப் போகமுன், மதவாச்சி தாண்ட மூச்சு நின்றுவிட்டது. அவள்தான் காலடியில் இருந்தாள்.

"ஓம்," என்றாள்.

பிள்ளை போனதும் நிரோஜன் திரும்பினான். "ஏனம்மா ஓமெண்டு சொன்னனீங்கள்? எங்கடை பிழைப்பெல்லோ."

"நீயும்தானே சனம் ஏறுமெண்டு சொன்னனீ."

"நான் பகிடிக்குச் சொன்னன்."

"பகிடியோ?"

அவன் வாளியை எடுத்துக்கொண்டு, காலையில் கழுவிய வானையே மறுபடி கழுவப் போனான். சட்டியில் ஒரு பக்கத்துக் கச்சான் கருகியிருந்தது.

கம்பனியின் முடிவு இன்னும் தெரியாது. அந்த டிக்கெட் விலைக்கு ஆர் ஏறப்போகிறார்கள் என்கிறார்கள் சிலர். அது வந்து இறங்க வெளிகூடப் பார்த்தாயிற்று என்கிறார்கள் வேறு சிலர். நிரோஜன் வானை விற்க ஆள் தேடுகிறான். கமலாசனி கோயிலடியில் கச்சான் வறுக்கிறாள்.